கணக்குத் தெரியாதவர் தேவை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: பார்வையற்றோரும் நுழைவுத் தேர்வு எழுத நம் காரைக்குடிக் கல்லூரி பெருங்கருணையுடன் இசைகிறது. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுபவருக்கு மட்டும் கணக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

முதல்வரே வாசலில் நின்று சோதித்தார். பார்வையற்ற மரிய அனிதாவுக்காக எழுத வந்த தங்கை சரியான விடை சொல்லித் தொலைத்ததால் விரட்டப்பட்டாள். மணியடிக்க ஐந்து நிமிடம். இந்த வருடமும் போச்சு என்று அனிதா புலம்பினாள்.

கூட வந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சாமி, புதுவயல் அரிசி ஆலைக் கணக்கப்பிள்ளை, முன்வந்தார்.

"மூட்டை எழுபத்தைந்து கிலோ. பதினேழு மூட்டை?" என்றார் முதல்வர்.

"ஆயிரத்து எரநூத்தி எழுபத்தஞ்சுய்யா."

அனிதாவுக்கு அழுகை முட்டியது.

முதல்வர் முணுமுணுவென்று பெருக்கினார். பிறகு அவர் குரல் இனித்தது. "தப்பு! ஆயிரத்து நூற்று எழுபத்தைந்து. நீர் எழுதலாம்."

"ஐயா, நான் தெனம் மூட்டை எண்ணுறவன், சரியாத்தான்…"

"நீங்க சும்மா வாரீகளாண்ணே!" அனிதா அவரை உள்ளே இழுத்தாள்.

முதல்வர் கணக்கில் முனைவர் பட்டம் பெற்றவர்.