அசையாத வகுப்பு

மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தாமல் சினிமா எடுக்கிறார்கள், வீடியோ கேம் ஆடுகிறார்கள் என்று பென்சிலில் எழுதிய மொட்டைக் கடுதாசி ஒன்று வந்திருந்தது. இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கல்வி அதிகாரி தடதடவென்று வகுப்புக்குள் நுழைந்தார்.

முப்பது பிள்ளைகளும் கல்லாய்ச் சமைந்து உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மேசையை ஓங்கித் தட்டினார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஒரு பையனின் முகத்துக்கு நேரே குனிந்து முறைத்தார். அவன் மூச்சே விடவில்லை.

அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா, என்னைக் கண்டதும் எப்படி அடங்கிட்டாங்க. இந்தப் பயம் இருந்தாப் போதும், படிப்பு தானா வரும். கேமரா, கேம் எல்லாத்தையும் நாளைக்கே ஆபீஸ்ல ஒப்படைச்சிடுங்க."

டீச்சர் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார்.

அதிகாரி வாசலைத் தாண்டியதும் பின்னால் ஒரே கைதட்டல். முகம் கடுகடுக்கத் திரும்பினார். குட்டிப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், இன்னொரு தடவை இதே மாதிரி உள்ள வர்றீங்களா? கடைசி பெஞ்சுல ஒருத்தன் கண்ணைச் சிமிட்டிட்டான்."

"சிமிட்டினா என்ன?"

"எங்க கேம்ல பூதம் வர்றப்போ அசைஞ்சா ஒரு உயிர் போயிடும் சார். அதைத்தான் படமா எடுக்கறோம். அலமாரி மேல கேமரா ஓடிட்டிருக்கு. நாளைக்குக் குடுத்துடணும்ல, இன்னிக்கே முடிச்சிடலாம்."

அதிகாரி வாசல் வழியே அலமாரியை எட்டிப் பார்த்தார்.

"பூதத்துக்குத்தான் சார் ஆளே கிடைக்கல," என்றாள் அவள். "அதான் உங்களுக்கு லெட்டர் போட்டோம்."