பின்னிறகில் ஒரு புள்ளி

சிவகாமியின் கண்ணில் பொருத்திய வில்லை, அவள் பார்க்கும் பட்டாம்பூச்சிகளையெல்லாம் கணக்கெடுப்பு மையத்துக்குச் சொல்லிவிடும். ஒன்பது வருடமாக ஓர் அரிய ஆரஞ்சு வகையைத் தேடுகிறாள். புதுச் சட்டப்படி, அது தென்பட்ட இடம் சரணாலயமாகிவிடும்; மறுநாளே ஊரைக் காலி செய்ய வேண்டும்.

"கண்ண மூடு புள்ள! ஆரஞ்சு ஒண்ணு வருது!" என்று கத்தினான் கணவன் மாரப்பன்.

இறுக மூடிக்கொண்டாள். "பின்னிறகு நடுவுல எத்தன கரும்புள்ளிங்க? மூணு, நாலுன்னா சாதா வெந்தய வரியன்தான்."

அவன் குனிந்து பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு."

"போயிருச்சுங்களா?"

"உன்ற கையிலதான் உக்காந்திருக்குது."

வியர்த்த உள்ளங்கையில் மெல்லிய கால்கள் குறுகுறுத்தன.

"அப்படியே நசுக்கிரு புள்ள."

சிவகாமி கண்ணைத் திறந்தாள்.