இலை வைக்காத நாலு பிஸ்கட்

கற்பூரவள்ளி இலை வாசம் தனக்கு ஆகாது என்று கல்யாணமான புதிதிலேயே எட்வின் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஆக்னஸ் பிஸ்கட் சுடும்போதெல்லாம் அவனுக்கென்று ஒரு மூலையில் நாலை மட்டும் இலை வைக்காமல் விடுவாள். இன்றும் அப்படியே ஓவனில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, மாடிவீட்டு பிலோமினா வாசலில் ஒரு தட்டை நீட்டினாள். கற்பூரவள்ளி பிஸ்கட்.

“சாருக்கு இலை நிறைய இருந்தாத்தானேக்கா பிடிக்கும்? அள்ளிப் போட்டிருக்கேன்.”

கூடத்தில் எட்வின் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டான். அவள் படியேறிப் போனதும், “எனக்குத் தனியாத்தானே வச்சிருக்கே?” என்றான் தாளுக்குப் பின்னாலிருந்து.

பிஸ்கட் வெந்ததும் ஆக்னஸ் ஓவனிலிருந்து தட்டை இழுத்தாள். மூலையிலிருந்த நாலும் இன்னும் மெத்தென்று, தொட்டால் சுடும் சூட்டில் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சிலையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். நாலாவதிலிருந்து விரலை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.