கழற்றிய ஒயர்கள்

தலையில் ஒயர்களை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்வதுதான் அவள் வேலை. குடித்தே செத்துப்போன அப்பாவின் பதிவையும் அவள்தான் எடுத்திருந்தாள். இன்று காலை தம்பியை வம்படியாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். முப்பது வயதாகியும் ஒரு சொட்டு தொடாதவன் அவன்.

திரையில் அப்பாவின் அதே அலை ஓடியது. ரம்பப்பல் போல நெருக்கமாக, ஓய்வே இல்லாமல்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

"அப்பாவோடது மாதிரியே இருக்குடா. இப்படி இருந்தா குடி சீக்கிரமா பிடிச்சுக்குமாம். ஜாக்கிரதையா இரு."

"நானா? அந்த வாடையே எனக்கு ஆகாது" என்று சிரித்தான்.

அவள் ஒயர்களைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் தலையில் இருந்த பசையைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போனான்.

திரையில் அலை நிற்கவில்லை. ஒயர்களைத் துடைத்தாள், பிறகு கருவியிலிருந்தே பிடுங்கிப் போட்டாள். அப்போதும் ஓடியது. தம்பிக்கு போன் போட்டாள். மணி போன கணத்தில் அலை ஒருமுறை துள்ளியது. அவன் எடுக்கவில்லை.

நாற்பது நிமிடம் அங்கேயே நின்றாள். மெல்ல மெல்ல ரம்பப்பற்கள் மழுங்கின. அலை அகன்று சாந்தமானது. முதல் கிளாஸ் உள்ளே போனதும் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அலை நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது.