துரைக்கு எலும்பு கூடிவிட்டது

"எந்திரிடா துரை! டாக்டரம்மா வர்ற நேரம், என் மானத்தை வாங்காதே!"

கூண்டுக்குள் படுத்திருந்த செம்பட்டை நாய் வாலை மட்டும் ஆட்டியது. கூண்டு கழுவும் ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. கையை உள்ளே விட்டு அதன் பின்னங்காலை நீவிவிட்டாள்.

லாரி ஏறி முறிந்த கால். துரையின் இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை உறிஞ்சி, முறிந்த இடத்தில் ஊசியால் ஏற்றியிருந்தார்கள். பக்கத்துக் கூண்டுக் கறுப்பனுக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் அது இன்னும் மூன்று காலில்தான் நொண்டியது.

கறுப்பனை ஆயா ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். அவள் சாப்பாட்டில் பாதி துரைக்கு. ஆளில்லாத நேரம் அவனை வராந்தாவில் நடக்கப் பழக்குவாள். கால் சரியானால் வீட்டுக்கு அனுப்புவார்கள், எந்த ஆஸ்பத்திரியிலும் அதுதானே வழக்கம்! வீட்டில் மகள் கதவோரம் சாக்கு விரித்து வைத்துக்கொண்டு, "எப்பம்மா வருவான்?" என்று தினமும் உயிரை எடுத்தாள்.

டாக்டரம்மா வந்து கூண்டைத் திறந்தார். துரை இறங்கினான். நடக்கவா செய்தான், பறந்தான்! வராந்தாவின் கோடிவரை ஓடித் திரும்பி, ஆயாவின் சேலையில் மூக்கைத் தேய்த்தான்.

"அடேயப்பா! இன்னும் ஒரு மாசம் ஆகும்னு இருந்தேனே, எப்படி?"

"நான்தாம்மா நடக்க வெச்சேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவமா? உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் ஆயா!"

அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் ஆயா கேட்டேவிட்டாள். "அம்மா, ஒரு நாயை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? மக ரொம்ப ஆசைப்படறா."

"தாராளமா! இதுக்கா இவ்வளவு தயங்குனீங்க?"

ஆயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பில் செருகியிருந்த புதுக் கயிற்றை எடுத்துத் துரையின் கழுத்தில் மாட்டினாள்.

"ஐயோ, இதை இல்ல ஆயா, கறுப்பனை! ஆறாத கால்ல நாங்க பார்க்க என்ன இருக்கு? இதோட எலும்பைத்தான் ஆராய்ச்சிக்கு வெட்டி, உள்ளே எப்படிக் கூடியிருக்குன்னு பார்க்கணும். சாயங்காலம் வலிக்காம ஊசி போட்டு முடிச்சிடுவோம்" என்ற டாக்டரம்மா, துரையின் தலையை அன்பாகத் தடவினார். "உங்க மடியிலதான் பயப்படாம படுக்கும். நீங்களே பிடிச்சுக்கோங்க."