நாத்தனார் முடிச்சு

தன் ஐந்தாவது கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்துச் சீமாட்டி பட்டுப்புடவையும் கான்வாஸ் ஷூவுமாக வந்து இறங்கினார்.

ஷூவைக் கழற்றச் சொன்னபோது, காலுறைக்காவது அனுமதி உண்டா என்று கேட்டார்.

யாங்கோனில் அலோன் துறைமுகத்தை ஒட்டிய சின்ன மாரியம்மன் கோயில். நாங்கள் குடியிருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட்டில் எங்கள் தெருவிலேயே கோயில் இருக்கிறது. அது வேண்டாம் என்று பிரேம்நாத் சொல்லிவிட்டான்.

சீமாட்டிக்கு அறுபத்திரண்டு வயது. மாப்பிள்ளை பிரேம்நாத்துக்கு முப்பத்தொன்று.

முகூர்த்தத்துக்குக் காத்திருந்த நேரத்தில், பூக்காரியிடம்கூடத் தன் சரித்திரத்தைச் சொன்னார் சீமாட்டி. பிரேம்நாத் மொழிபெயர்த்தான். முதல் புருஷன் பக்கத்துக் கோட்டையின் மூத்த வாரிசு. இரண்டாமவர் அவருடைய தம்பி. மூன்றாமவர் குதிரை வைத்தியர். அவரிடமிருந்து விவாகரத்து வாங்கித் தந்த வக்கீல்தான் நான்காமவர்.

முகத்தில் துளி வெட்கம் இல்லை. நாமென்றால் ஒரு கல்யாணத்துக்கே ஊர் வாய் ஓயாது. கோட்டை இருந்தால் எல்லாமே சரித்திரமாகிவிடும் போலிருக்கிறது. அந்தக் கோட்டையிலும் நாற்பது அறைகளில் நான்குதான் ஒழுகாதாம்.

அவர் யாங்கோனுக்கு வந்தது பூட்டனாரின் கல்லறையைத் தேடி. வழிகாட்டியாகப் போனவன் பிரேம்நாத். அவருடைய பூட்டனார் இதே துறையில் கப்பல் விட்டவர். இவனுடைய பூட்டனார் அந்தக் கப்பலில் மூட்டை ஏற்றியவர். அது தெரிந்ததும் சீமாட்டி, இது விதி என்றார். அப்போது மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள், இப்போது ஆளையே ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சொன்னால் காரியம் கெட்டுவிடும். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் பிரேம்நாத்தின் பெயர் வந்துவிட்டது. அடுத்த தெருக் கருப்பையாவின் மகனைக் கொண்டுபோய் ஐந்து மாதம். இன்னும் ஒரு போன் இல்லை. சீமாட்டிக்கோ எல்லா இடத்திலும் ஆள் உண்டு. அவருடைய கணவன் என்றால் பத்தே நாளில் விமானம் ஏறிவிடலாம்.

பண்டாரம் ரெங்கசாமி தாலியை எடுத்துக் கொடுத்தார். பிரேம்நாத் இரண்டு முடிச்சுப் போட்டான்.

"நாத்தனார் யாரும்மா? மூணாவது முடிச்சு அவங்கதான் போடணும்," என்றார் பண்டாரம்.

"இவங்கதான், எங்க மமா," என்று பிரேம்நாத் என்னைக் காட்டினான். மமா என்றால் பர்மியத்தில் அக்கா.

இந்தப் பெண் எங்கள் வீட்டவள் என்று மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் ஏற்றுக்கொள்ளும் முடிச்சு இது என்று சீமாட்டிக்கும் விளக்கினான். அவர் கண் நிறைந்துவிட்டது. நான்கு புருஷன்மாரின் சகோதரிகளில் ஒருத்திகூட அவரிடம் முகம்கொடுத்துப் பேசியதில்லையாம். ஒருத்தி வெள்ளிக் கரண்டிகளுக்காக வழக்கே போட்டாளாம். என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

காலையிலிருந்து அவரைக் கேலியாகவே பார்த்துக்கொண்டிருந்த நான் அவர் முந்தானையைச் சரிசெய்துவிட்டேன்.

ஆனாலும் நான்கு கல்யாணங்களை உதறியவர். இதுவும் அவிழ்ந்தால் பிரேம்நாத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடிச்சை நன்றாக இறுக்கியே போட்டேன்.

கயிறு மட்டும்தான் புதிது. அதில் கோத்திருந்த தாலிப்பொட்டு, எட்டு வருடத்துக்கு முன்னால் இதே பிரேம்நாத் என் கழுத்தில் கட்டியது.