தூண் சொன்ன சராசரி

ஆற்றின் நடுவே, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டிய அளவுத் தூண் ஒன்று நின்றது. நீர் எவ்வளவு உயர்ந்தது என்று காட்டுவது அதன் வேலை. கேட்டவர்க்கெல்லாம் ஆலோசனை வழங்குவது அதன் பொழுதுபோக்கு.

ஆற்றுமணலில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவை செவந்தி, சித்திரை பிறந்ததும் தூணிடம் யோசனை கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு அதன் பேச்சை நம்பி இட்ட முட்டைகள் வெள்ளத்தோடு போயின. இந்த ஆண்டும் அவளுக்கு வயிறு கனத்தது.

“தாராளமாக மணலிலேயே இடு, செவந்தி. சித்திரையில் இங்கே தண்ணீர் வராது.”

“போன சித்திரையில் வந்ததே, அண்ணே?”

“அது விதிவிலக்கு.”

“அதற்கு முந்தின சித்திரை?”

“அதுவும் விதிவிலக்குதான். என்னை நட்ட நாளிலிருந்து கூட்டிச் சராசரி பார். உன் கால்கூட நனையாது.”

“முன்பெல்லாம் ஐப்பசி முழுக்கத் தூறும். இப்போது ஐப்பசி காய்கிறது, கோடையில் ஒரே பொழுதில் கொட்டித் தீர்க்கிறது. அது உங்கள் கண்ணில் படவில்லையா?”

“கூட்டிப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.”

செவந்தி பறந்து கரையேறினாள். தாயும் பாட்டியும் முட்டையிட்ட மணலை விட்டு, கரைமேட்டுச் சரளைக் கற்களிடையே முட்டையிட்டாள். அக்கம்பக்கத்துப் பறவைகள் அவளைக் கேலி பேசின.

ஒரு மாலை மேற்கு மலை கறுத்தது. விடிவதற்குள் மணல்திட்டு முழுவதும் நீருக்கடியில் போயிற்று. தூண் கழுத்தளவு வெள்ளத்தில் நின்றபடி குரல் கொடுத்தது: “பயப்படாதே, செவந்தி. சராசரி இன்னும் மாறவில்லை.”

செவந்தி முட்டைகளை அலகால் புரட்டிவிட்டு மறுபடி அவற்றின்மேல் அமர்ந்தாள்.

“சந்தோஷம், அண்ணே. வாயை மூடிக்கொள்ளுங்கள், தண்ணீர் உள்ளே போகிறது.”